சகலை வண்டிக்கு ஒயர்

கடைக்காரர் லாரன்ஸ் இரண்டு வகை ஒயரையும் கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு, "பாத்து மெதுவாச் சொல்லுங்ணா, அவசரமில்ல" என்று வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அவருக்கென்ன, அவசரமில்லைதான். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. கோயில் வாசலில் வண்டி ஜோடித்து நிற்க வேண்டும், அதற்கு முன்னால் எஞ்சினுக்குப் பொறி கொண்டுபோகிற பிளக் ஒயரை மாற்ற வேண்டும், அதை வாங்கி வரச் சொல்லி இத்தனை பேர் நடமாடுகிற கல்யாண வீட்டில் நாச்சிமுத்துவைத்தான் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியது சகலை திருமூர்த்தி, பெண்டாட்டியின் தங்கை புருஷன், நாளைக்குத் தாலி ஏறப்போகிற பிருந்தாவின் அப்பன். காலையில் குளித்துவிட்டுத் தலை துவட்டுவதற்குள் போன் வந்துவிட்டது. "அண்ணா, நம்ம ஹெரால்டுக்கு ஒயர் ஒரு செட்டு வேணுங்ணா. அந்த எஞ்சினு உங்களவிட ஆருக்குங்ணா தெரியும்? நீங்க எது எடுத்தாலும் செரிங்ணா." நம்ம ஹெரால்டாம், மாமனார் வீட்டிலிருந்து போன அந்தப் பழைய கார். அந்த 'நம்ம'வைக் கேட்டதுமே நாச்சிமுத்துவுக்கு வயிற்றில் பற்றிக்கொண்டது. என் ஹெரால்டு என்று சொல்லித் தொலைத்தால்கூடத் தேவலை, சண்டை போட ஒரு முகாந்திரமாவது கிடைக்கும். இவன் எதையும் தனக்கென்று சொல்லவே மாட்டான். சொல்லாமலே எல்லாம் இவனுடையதாகிவிடும். அப்படியிருந்தும், "அந்த எஞ்சினு உங்களவிட" என்ற அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் உடம்பெல்லாம் குளிர்ந்துபோய், ஈரத் தலையோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்ததும் தான்தானே என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. மேசையில் இடதுபக்கம் இருந்தது கார்பன் ஒயர், பளபளவென்று சிவப்பு, பெட்டிக்குள் மடித்து வைத்த செட். வலதுபக்கம் கறுப்பாகச் சுருள் சுருளாக இருந்தது செம்பு, அளவு சொன்னால் வெட்டி முனை போட்டுத் தருவார்கள். கார்பன் என்றால் வண்டிக்குள் ரேடியோ கரகரக்காது. செம்பு என்றால் ரேடியோ கரகரக்கும், ஆனால் பொறி அடிக்கிற அடியே வேறு. இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வண்டியின் பானெட் மற்ற வண்டிகளைப் போல் மூடி மாதிரித் திறக்காது. முகம், மூக்கு, மட்கார்டு எல்லாம் சேர்த்து முன்பாதி மொத்தமாகக் கவிழ்ந்து எழும், எஞ்சின் முழுசாக வெளியே வந்து நிற்கும், பக்கத்திலே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அப்படி உட்கார்ந்து பார்த்தவர் நாச்சிமுத்து. ஒரு வருஷம் இரண்டு வருஷமல்ல, மாமனார் ஆறுச்சாமி வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போன நாளிலிருந்து. போன நாள் என்றால் போன நாளேதான். அவருடைய மாப்பிள்ளை அழைப்பும் அதே வண்டியில்தான் நடந்தது, அப்போது அது பால் நிறம், மேளக்காரர்கள் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போய், பாதி வழியில் முக்கி முனகி நின்றுவிட்டது. டிரைவர் வேர்த்துப்போய் நிற்கிறான், மாமனார் முகம் கறுத்துவிட்டது, பெண்கள் கூட்டத்தில் யாரோ "தேங்கா சுத்தி ஒடைங்க" என்கிறார்கள். பட்டு வேட்டியும் மாலையுமாக நாச்சிமுத்து இறங்கினார். பானெட்டைக் கவிழ்த்தார். ஒரு ஒயர் பிளக்கைவிட்டுத் தளர்ந்து கிடந்தது, அழுத்திவிட்டார், வண்டி கிளம்பிவிட்டது. "மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளையுமாச்சு, மெக்கானிக்குக்கு மெக்கானிக்குமாச்சு" என்று ஊரே கைதட்டிச் சிரித்தது, மாடி ஜன்னலில் கல்யாணப் பெண் வசந்தாமணியும் சிரித்தாள் என்று பிற்பாடு அவளே சொன்னாள். அப்புறம் எத்தனை பாயிண்ட் செட், எத்தனை கண்டென்சர், எத்தனை ஞாயிற்றுக்கிழமை. மில்லில் ஆறு நாள் ஸ்பிண்டில் சத்தத்தில் கிடந்துவிட்டு ஏழாவது நாள் மாமனார் வீட்டு ஷெட்டில் அந்த எஞ்சின் சத்தத்தைக் காதால் குடித்த மனிதர் அவர். அப்படிப்பட்ட வண்டியை மாமனார் ஒரு பொங்கலன்றைக்கு, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், சாவியை எடுத்துத் திருமூர்த்தி கையில் கொடுத்துவிட்டார். விசேஷமாக ஒன்றுமில்லை, வெற்றிலை கொடுக்கிற மாதிரி கொடுத்தார். நாச்சிமுத்து வாயில் நீர் வைத்துக் கொப்பளித்துக்கொண்டிருந்தார், அந்த நீரைத் துப்பவும் முடியவில்லை விழுங்கவும் முடியவில்லை. ஒரு மாதம் பொறுத்துத் தாங்காமல் மாமனாரிடம் ஜாடையாகக் கேட்டபோது பெரியவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அவரு கேட்டாருங் மாப்ள, குடுத்துட்டன். நீங்க ஒருநாளாச்சும் கேட்டிருந்தா மாட்டன்னா சொல்லியிருப்பன்? நீங்க கேக்கவே இல்லீங்களே." கேட்பதா? மூத்த மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்பதா? மூத்த மாப்பிள்ளைக்கு ஊற்றுகிற மோர்கூட அவர் கேட்காமல் வர வேண்டும், அதுதானே முறை, முறை தெரிந்த குடும்பம் என்றுதானே பெண் எடுத்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். அவர் இருபத்துச் சொச்சம் வருஷம் அழாமல் உட்கார்ந்திருந்தார், நேற்று வந்தவன் ஒரே ஒரு தடவை சிணுங்கினான்.

சிணுங்கத் தெரிந்தவன். சிரிக்கத் தெரிந்தவன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நேராகச் சமையல்கட்டுக்குப் போய், "அக்கா, என்ன வாசம் தெருமுக்கு வரைக்கும் வருது" என்று தட்டை நீட்டத் தெரிந்தவன். வசந்தாமணி அவனுக்குப் போடுகிற தோசை மெல்லிசாக இருக்கும், ஓரம் முறுகியிருக்கும். புருஷனுக்கு ஊற்றுகிற தோசைக்கு என்ன கேடு என்று ஒருநாள் கேட்டதற்கு, "நீங்க நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா ஓரம் தானா முறுகும்" என்றாள். போன வாரம் பத்திரிகை வைக்க அவன் வந்திருந்தபோது ஏதோ சொல்லி அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள், நாச்சிமுத்து உள்ளே வந்ததும் சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் கொஞ்சம் குறைந்தது. அந்தக் கொஞ்சம்தான் அவரை அன்றைக்கெல்லாம் அறுத்தது. தப்பாக ஒன்றுமில்லை. தப்பாக ஒன்றுமில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், தப்பாக ஏதாவது இருந்தால்கூட ஒருவேளை இப்படி எரியாது. தன் வீட்டில் தன்னைப் பார்த்ததும் சிரிப்பு குறைகிறது, அவ்வளவுதான். மகன் வேறு பெங்களூரில் கூட வேலை பார்க்கிற பெண்ணோடு மாலை மாற்றிக்கொண்டு போட்டோ அனுப்பிவிட்டான், அழைப்பும் இல்லை மேளமும் இல்லை, வண்டி ஜோடிக்கிற யோகம் தன் வீட்டுக்கு இல்லை. எல்லாம் திருமூர்த்தி வீட்டுக்கே. கொடுத்து வைத்தவன். கொடுத்து வைத்தவன் என்று நினைத்த மாத்திரத்தில் கை தன்னையறியாமல் சிவப்பு ஒயரில் ஒன்றை எடுத்து மடக்கியது, மடக்கின இடத்தில் உள்ளே ஏதோ மளுக்கென்றது. காதுக்குக் கேட்கவில்லை, விரலுக்குத் தெரிந்தது. இன்னொன்றை எடுத்தார், அதிலும் மடிப்பில் நொறுநொறுப்பு. எத்தனை வருஷமாகப் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்ததோ, உள்ளே இருக்கிற கார்பன் நூல் செத்துப்போயிருக்கிறது. வெளியே பார்த்தால் புதுப்பெண் மாதிரி மினுங்குகிறது. "அது நல்லா ஓடற அயிட்டம்ணா, பாக்கவும் லட்சணமா இருக்கும்" என்று லாரன்ஸ் அங்கிருந்தே குரல் கொடுத்தார். அவருக்கு இது தெரியாது. திருமூர்த்திக்குத் தெரியவே தெரியாது, அவனுக்கு பிளக்குக்கும் பல்புக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த உலகத்தில் இந்த நிமிஷத்தில் இந்தச் சிவப்பு ஒயர் செத்த ஒயர் என்று தெரிந்த ஒரே ஆள் நாச்சிமுத்து. அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

இதை மாட்டினால் ஸ்டார்ட் ஆகும். அதிலே சந்தேகமில்லை, கொஞ்ச தூரம் நன்றாகவே ஓடும், மெக்கானிக் மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவான். சூடு ஏறினால்தான் சங்கதி வெளியே வரும். மாப்பிள்ளை அழைப்பில் வண்டி என்ன வேகத்தில் போகும், மேளக்காரன் நடக்கிற வேகத்தில். முன்னால் பையன்கள் ஆடுவார்கள், நின்று நின்று போக வேண்டும், காற்று பாயாது, எஞ்சின் கொதிக்கும், அப்போது ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கும், அப்புறம் இன்னொன்று. மிஸ்ஸிங் சத்தம் முதலில் அவருக்கு மட்டும்தான் கேட்கும். பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொண்டிருப்பார். வண்டி குலுங்கி நிற்கும். திருமூர்த்தி பட்டுச் சட்டையோடு இறங்கி, என்ன செய்வதென்று தெரியாமல், அந்தச் சிரிப்பு இல்லாமல், முதன்முதலாகச் சிரிப்பு இல்லாமல் கூட்டத்துக்குள் கண்ணால் தேடுவான். "அண்ணா எங்கீங்க? அண்ணாவக் கூப்புடுங்க." கூப்பிட்டாலும் உடனே போகக் கூடாது. இரண்டாவது தடவை கூப்பிடட்டும். வசந்தாமணியும் பார்க்கட்டும். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் பானெட்டைக் கவிழ்த்து, மடியிலிருந்து செம்பு ஒயரை எடுத்து, ஆமாம், செம்பையும் ஒரு செட் வாங்கி மடியில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும், ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டி, நாலையும் ஒரேயடியாக உருவிப் போட்டுவிட்டு எது எந்தப் பிளக்குக்கு என்று முழிக்கிற ஆளா அவர், பொறி அடிக்கிற வரிசை ஒன்று மூன்று நாலு இரண்டு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், சாவியைத் திருப்பு என்று விரலால் ஜாடை காட்டினால் போதும். கிளம்பும். ஊர் கைதட்டும். அன்றைக்குத் தட்டியது போலத் தட்டும். நினைக்க நினைக்க அவருக்கு இனித்தது, வெட்கமாக இருந்தது, வெட்கத்தையும் தாண்டி இனித்தது. ஒரு குற்றமும் இல்லை. கடைக்காரன் கொடுத்தான், வாங்கினேன். புதுச் சாமான் கெட்டுப்போயிருந்தால் நானா பொறுப்பு? யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது.

கேட்க முடியாது, சரி. ஆனால் அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது திருமூர்த்தி இல்லையே, பிருந்தாவைக் கட்டிக்கொள்ளப் போகிற பையன். பையன் வீட்டார் எப்படிப்பட்டவர்களோ. காங்கயம் பக்கம், சகுனம் பார்க்கிறவர்கள் என்று பேச்சு. அழைப்பு வண்டி நடுவழியில் நின்றால் இப்போதும் யாராவது தேங்காய் சுற்றச் சொல்வார்கள், அவர் இறங்கியபோது ஊர் சிரித்தது, அது மாப்பிள்ளையே மெக்கானிக்காகவும் இருந்ததால். இந்தப் பையன் இறங்குவானா, முகத்தைத் தூக்குவானா. நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாலும் "அன்னிக்கே வண்டி நின்னுச்சு" என்று மாமியார்க்காரி ஆரம்பிப்பாள், அதைத் துடைக்க எந்தச் செம்பு ஒயராலும் முடியாது. பிருந்தா சின்னப் பெண்ணாக இருந்தபோது ஷெட்டுக்கு ஓடி வந்துவிடுவாள், அவர் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே வண்டி ஓட்டுவாள். எஞ்சினை ஏன் வயிற்றைக் கிழித்து வைத்திருக்கிறீர்கள் பெரியப்பா, வலிக்காதா என்று கேட்டாள். திருமூர்த்தியின் சிரிப்புதான் அவளுக்கும், அச்சு அசல், இருந்தும் அவள்மேல் அவருக்கு ஒருநாளும் எரிந்ததில்லை, அது எப்படி என்று இப்போதுதான் யோசித்தார். இன்னொன்றும் தோன்றியது. நேர்மையாகச் சொன்னால் அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், பிருந்தாவுக்கு முன்னாலேயே தோன்றியது, அவர்தான் அதைப் பின்னால் தள்ளி வைத்தார். அந்த எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கிற சத்தம். ஊரார் முன்னால் அது இருமி இருமி நிற்கிற சத்தம். அதை அவரால் கேட்க முடியாது. யார் பேரில் இருந்தால் என்ன, யார் மடியில் சாவி இருந்தால் என்ன, அதன் தொண்டையில் இந்தச் செத்த நூலைச் செருகி அனுப்ப அவருடைய கை வராது. வைக்கோல் போர் நாய் கூடத் தான் படுத்த வைக்கோலைக் கொளுத்தாது. அவர் சிவப்பு ஒயரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். மூடினதும் நெஞ்சு லேசாகிவிட்டது, நிமிர்ந்து நிற்கக்கூட முடிந்தது. செய்திருக்கலாம், செய்யவில்லை. ஒருத்தனுடைய மானம் தன் இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது, விட்டுக்கொடுத்துவிட்டோம். பெரிய மனுஷன் என்றால் இதுதான். அவன் சாவியை வாங்கிக்கொண்டான், நான் அவனுக்கு அழைப்பையே கொடுக்கிறேன். இப்படி நினைத்தபோது நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கியது, தன்னுடைய பெருந்தன்மையைத் தானே மெச்சி.

"லாரன்ஸ், செம்பே குடுங்க. அஞ்சு ஒயரு, நாலு பிளக்குக்கு, ஒண்ணு காயிலுக்கு. அளவு நான் சொல்றன். அந்தச் சிவப்ப ஆருக்கும் விக்காதீங்க, உள்ள செத்துப்போச்சு."

"அப்பிடீங்களா? மீட்டர் வெக்காமயே எப்பிடீங்ணா சொல்றீங்க?" என்றபடி லாரன்ஸ் கறுப்புச் சுருளைப் பிரித்துக் கத்தரியை எடுத்தார். நாச்சிமுத்து பெருமையாகச் சிரித்துவிட்டு முதல் ஒயருக்கு இரண்டு கையையும் விரித்து நீளம் காட்டினார். பிடித்த மீனின் நீளம் காட்டுகிறவர்கள் மாதிரி அல்ல, துல்லியமாக, கூடவும் இல்லை குறையவும் இல்லை. இரண்டாவதுக்குக் காட்டியபோது சட்டைப் பையில் போன் அடித்தது. வசந்தாமணி.

"ஏனுங்க, எங்க இருக்கறீங்க? மண்டபத்துல ஆளாளுக்கு உங்களத் தேடறாங்க. மாப்ள ஊட்டுக்காரங்க வந்தா வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்ல மூத்தவரு ஒருத்தரு வேணாமா?"

"ஒயர் வாங்கீட்டு இருக்கறன் வசந்தா. பாத்துத்தான எடுக்கோணும்? தப்பான ஒயரு மாட்டுனா வண்டி நடு ரோட்டுல நின்னுக்கும்."

"அட, அது கெடக்குதுங்க. அதெல்லாம் முந்தாநேத்தே மெக்கானிக் வந்து புதுசு மாட்டீட்டுப் போயிட்டாரு. நீங்க பொறப்புட்டு வாங்க."

தெருவில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"மாட்டியாச்சா? அப்பறம் எதுக்குக் காத்தால எனக்குப் போன் பண்ணுனான்?"

மண்டபத்துக் கூச்சல் கொஞ்சம் தூரமாகப் போனது. பிறகு வசந்தாமணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள், ஓர் ஓரமாக ஒதுங்கி நின்று பேசுகிறாள் என்று தெரிந்தது. "கோவிச்சுக்காதீங்க. நாந்தான் தம்பிகிட்டச் சொன்னன். கண்ணாலம்னு வந்ததுல இருந்து நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு மூலையில உக்காந்திருக்கறீங்க. வண்டி விசயமா அவருகிட்ட ஏதாச்சும் ஒண்ணு கேளுங்க தம்பி, கேட்டாப் போதும், மனுசன் சரியாப் போயிருவாருன்னு. அவரும் பாவம், அண்ணா சந்தோசப்பட்டாச் செரிங்கக்கான்னாரு. நீங்களுந்தான் காத்தால எத்தன சந்தோசமாப் போனீங்க."

அண்ணா சந்தோஷப்பட்டால் சரி. அழுகிற குழந்தை கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து உட்கார வைப்பார்கள், வீட்டுச் சாவி அதில் இருக்காது. இவ்வளவு நேரமும் கெடுப்பதா காப்பதா என்று இந்த மேசைக்கு முன்னால் நின்று அவர் பட்ட பாடு, கொதித்தது, இனித்தது, பயந்தது, மன்னித்தது, கண் கலங்கியது, அத்தனையும் ஒன்றுக்கும் ஆகாது. அவர் எதை எடுத்திருந்தாலும் அந்த வண்டி போயிருக்கும். அதைவிட அவரைத் தைத்தது வேறு. இந்த நாச்சிமுத்து கெடுத்தாலும் கெடுப்பான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. திருமூர்த்திக்கும் தோன்றவில்லை, வசந்தாமணிக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் இவ்வளவு எரிந்தும் அதன் சூடு ஒருத்தர்மேலும் பட்டதில்லை, மூலையில் ஒரு மனுஷன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், ஏதாவது கொடுங்கள் என்றுதான் பட்டிருக்கிறது. கோபமாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"மெக்கானிக் ஆரு?"

"ஆரோ புதுசா ஒரு ஆளுங்க. தம்பி எப்பவும் அவருகிட்டத்தான் குடுக்கறாராம்."

எப்பவும். அப்படியென்றால் முந்தாநாள் மட்டுமில்லை, வேறொருத்தன் அந்த பானெட்டைக் கவிழ்த்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமையோ திங்கட்கிழமையோ, எப்பவும். ஒரு நிமிஷத்துக்குள் திருமூர்த்தி மனசைவிட்டு இறங்கிப் போய்விட்டான், அந்த இடத்தில் பேர் தெரியாத, முகம் தெரியாத, நகக்கண்ணில் கிரீஸ் படிந்த ஒருத்தன் வந்து உட்கார்ந்துகொண்டான். "என்ன ஒயர் மாட்டுனானாம்? செம்பா, கார்பனா?" என்று கேட்டார், கேட்கிற குரல் தனக்கே பிச்சை கேட்கிற குரலாகக் கேட்டது.

"எனக்கென்னங்க தெரியும்? வண்டி நல்லாத்தான் ஓடுது. சத்தமே கேக்கறதில்ல." பிறகு, ரொம்ப மெதுவாக, "வாங்க. நீங்க வந்தாத்தான் நான் சாப்புடுவன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போனைப் பையில் போட்டார். கடைக்குள் ரப்பர் வாசனை அடித்தது. வசந்தாமணிமேல் கோபப்பட முடியவில்லை, அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. லாரன்ஸ் வெட்டின ஒயர்களுக்கு முனை போட்டு மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, சுருளை மறுபடி இழுத்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மூணாவதுக்கு எவ்வளவுங்ணா?"

நாச்சிமுத்துவின் கைகள் இரண்டும் தாமாகவே விரிந்து நீளம் காட்டின. லாரன்ஸ் அந்த அளவுக்கு வெட்டினார். வேண்டாம், போதும் என்று சொல்ல நாச்சிமுத்து வாயெடுத்தார், அதற்குள் நாலாவதுக்கும் கையை விரித்திருந்தார்.